வண்ணாரப்பேட்டை ஓ.பி.யிலிருந்து குழந்தைக் குடல்நோய் ஆய்வுக்கு: இளம் மருத்துவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நான் எம்.டி. குழந்தை மருத்துவம் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா தன் 78 நாள் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓ.பி.க்கு வந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு உப்பியிருந்தது. கல்லீரல் கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. "ஒன்றரை மாச ஊசி போடப் போனப்பவே சொன்னேன் டாக்டரம்மா, அரிசி மாவு கணக்கா வெள்ளையா போவுதுன்னு. காலை வெயில்ல காட்டுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றார்.

பித்தநாளம் அடைபட்டு, பித்தம் குடலுக்கு வராமல் மலம் வெளுத்துப்போகும் பிலியரி அட்ரீசியா என்ற நோய் அது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1959-இல் எழுதிவைத்த அறுவைதான் இன்றும் அதற்கு முதல் சிகிச்சை. 60 நாளுக்குள் செய்தால் பித்தம் வடிய வாய்ப்பு அதிகம். நாள் தள்ளத் தள்ள அது குறைந்துகொண்டே போகும். அந்தக் குழந்தைக்கும் அறுவை நடந்தது. பித்தம் வடியவில்லை.

ஒன்றரை மாத ஊசி 60-ஆம் நாளுக்கு முன்னால் வருகிறது. ஊருக்குள் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்கு வருகிற நாள் அது. அன்றைக்கு யாராவது மலத்தின் நிறத்தை முறையாகக் கேட்டிருந்தால்? இந்தக் கேள்வி எனக்குள் விழுந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. என் தீசிஸ் (மேற்படிப்பு ஆய்வேடு) தலைப்பு அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அலமாரியில் கிடந்த பழைய தலைப்பொன்றில் வருடத்தை மட்டும் மாற்றிக் கையில் கொடுத்திருந்தார்கள். குழந்தைகளின் வயிறு, குடல், கல்லீரல் நோய்களில் ஆய்வு செய்ய விரும்பும் இளம் மருத்துவர்களுக்காகவும் அவர்களை வளர்க்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வடசென்னையை மனதில் வைத்தே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஓ.பி. அதுதான்.

படி 1: வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு நோட்டு

முதல் ஆறு மாதம் எந்த ஆய்வும் தொடங்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ஓ.பி.யில், வார்டில், இரவு டூட்டியில் தாய்மார்கள் சொல்வதில் உங்களுக்குப் பதில் தெரியாத ஒன்றைத் தினமும் அவர்களுடைய சொற்களிலேயே எழுதுங்கள். "வயித்தால போவுது" என்பவரும் "சீர் தட்டிடுச்சு" என்பவரும் ஒரே நோயைச் சொல்கிறார்களா? "மாந்தம்" என்று வந்தால் அது வாந்தியா, வயிற்றுப்போக்கா, உப்பசமா? சாப்பிட மறுக்கிற குழந்தைக்குத் தொக்கம் எடுத்துவிட்டு, அது போதாமல் மூன்றாம் நாள் உங்களிடம் வருகிறார்கள். அந்த மூன்று நாளில் எத்தனை குழந்தைகளுக்கு உடல் நீர் வற்றுகிறது? பிறந்த சில நாளிலேயே உரை மருந்தை நாக்கில் தடவுகிற வீடுகளில் தாய்ப்பால் என்ன ஆகிறது?

இவற்றைக் கேலியாகப் பார்க்கிற பயிற்சி மருத்துவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். நம் நாட்டில் ஒரு காலத்தில் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த இந்தியக் குழந்தைப்பருவ ஈரல் சுருக்கநோயில், வீட்டில் பால் எந்தப் பாத்திரத்தில் காய்ச்சப்படுகிறது என்று கேட்டபோதுதான் வெளிச்சம் விழுந்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களிலிருந்து பாலில் இறங்கிய தாமிரத்துக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1980-களில் புனேயில் செய்த ஆய்வுகள் காட்டின. பாத்திரங்கள் மாறின, இன்றைய பி.ஜி.க்கள் (மேற்படிப்பு மருத்துவ மாணவர்கள்) அந்த நோயைப் பாடமாகத்தான் படிக்கிறார்கள். அடுப்படியைப் பற்றிக் கேட்டதில் கிடைத்த விடை அது.

படி 2: கேள்வியை நறுக்குதல்

ஆறு மாதத்தில் நோட்டில் நூறு கேள்விகள் சேர்ந்திருக்கும். அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு வெட்டில் நறுக்குங்கள். யாரிடம்? என்ன செய்து அல்லது எதைக் கவனித்து? எதோடு ஒப்பிட்டு? எதை அளந்து? இந்த நான்கிற்கும் ஒரே வாக்கியத்தில் பதில் எழுத முடியாவிட்டால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

என் மல நிறக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "மல நிறங்களை அச்சிட்ட நிற அட்டையைத் தாயிடம் கொடுத்தால் பிலியரி அட்ரீசியா குழந்தைகள் பிழைப்பார்களா?" என்று கேட்கத்தான் ஆசை வரும். ஆனால் இந்த நோய் பல ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. ஒரே மருத்துவமனையில், மூன்று வருட பி.ஜி. காலத்தில், அதற்கு விடை கிடைக்கவே கிடைக்காது. தைவான் 2004-இல் நாடு முழுக்கக் குழந்தைகளின் சுகாதாரப் புத்தகத்தோடு நிற அட்டையைச் சேர்த்தது. 60 நாளுக்குள் அறுவை பெறுகிற குழந்தைகள் அங்கே கூடினார்கள். ஒரு நாடு செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் கைக்கு அடங்கும் கேள்வி இதைவிடச் சிறியது: "ஒன்றரை மாத ஊசிக்கு வரும் தாய்மாரிடம் நிற அட்டையைக் காட்டினால், வெளுத்த மலத்தை எத்தனை பேர் சரியாகச் சுட்டுவார்கள்?" இதை ஒரு வருடத்தில் முடிக்கலாம். இதன் விடை இல்லாமல் பெரிய ஆய்வை யாரும் தொடங்கவும் முடியாது.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு, 20 சதவீதத் தாய்மார் தவறாகச் சுட்டுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 புள்ளி துல்லியமும் 95 சதவீத நம்பகமும் வேண்டும். 1.96-இன் வர்க்கத்தை 0.2-ஆலும் 0.8-ஆலும் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 246 வரும். பத்தில் ஒருவர் பாதியில் விலகுவார் என்று சேர்த்தால் 274. வாரத்தில் ஒரு நாள் ஊசி, அன்றைக்கு எட்டுப் பேரிடம் பேச முடியும் என்றால் 35 வாரம். நடக்குமா நடக்காதா என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். "சென்ற வருடம் 50 பேர் எடுத்தார்கள், நானும் 50 எடுக்கிறேன்" என்று எழுதிய தீசிஸ்களை நிறையப் படித்துவிட்டேன். அந்த ஐம்பது தாய்மார் கொடுத்த நேரம் வீணாகிறது என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

படி 3: வாசிப்பு

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும், நூலகரிடம் கேளுங்கள். கட்டுரைகளை ஜோடெரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்துவையுங்கள். சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படித்துவிட்டு நகரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதலில் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். குழந்தைகளை எங்கிருந்து எடுத்தார்கள், யாரை விட்டார்கள், நோயை எப்படி வரையறுத்தார்கள் என்று பாருங்கள். மலச்சிக்கல் என்று ஒருவர் எழுதினால் 2016-இல் வந்த ரோம் 4 என்ற சர்வதேச மருத்துவ வரையறையின்படியா, தாய் சொன்னபடியா? இரண்டுக்கும் நிறைய தூரம்.

வெளியூர்ப் புள்ளிவிவரத்தை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவரக் கூடாது என்பதற்கு நல்ல பாடம், கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய். 2016-இல் வெளியான பல மாநில ஆய்வொன்றில் இந்த நோய்க்கான எதிர்ப்புரதம் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடமும்தான் இருந்தது. கோதுமை உண்ணும் அளவில் உள்ள வேறுபாடும் அதோடு சேர்ந்து பேசப்பட்டது. இப்போது வியாசர்பாடியில் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாகவும் காலை டிபன் பிரெட்டாகவும் மாறிக்கொண்டிருக்கிறதே, அடுத்த இருபது வருடத்தில் அந்த எண் அசையுமா? இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு ஆசான்கள்

ஒரே கைடு போதாது. நோயைத் தெரிந்தவர் ஒருவர், முறையைத் தெரிந்தவர் ஒருவர் என இருவர் வேண்டும். குடல்நோய் மருத்துவருக்கு ஸ்கோப் (உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பது) தெரியும், பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) தெரியும். மாதிரி எடுப்பதிலும் முடிவை ஒருபக்கமாகச் சாய்த்துவிடும் பிழைகளிலும் அவர் நிபுணராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முறையைத் தெரிந்தவர்களைத் தேடி வடசென்னைக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அயப்பாக்கத்தில் இருக்கிறது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேத்துப்பட்டில் இருக்கிறது. பி.ஜி. மாணவர்கள் முதல் வருடத்தில் முடிக்க வேண்டிய அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தை இணையவழியில் நடத்துவது அயப்பாக்கம் நிறுவனம்தான். சான்றிதழுக்காக ஓட்டிவிடாமல், உங்கள் சொந்தக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் கேளுங்கள்.

சேத்துப்பட்டு நிறுவனத்தின் கதையை ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாக அது தொடங்கியது. சென்னையின் ஏழைக் குடும்பங்களில், நெருக்கடியான வீடுகளிலேயே நோயாளிகளை வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்ற காசநோய் விடுதி மருத்துவமனையில் வைத்துக் கொடுத்ததற்கு இணையான பலன் கிடைக்கும் என்று 1959-இல் நிறுவினார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதில் இந்த ஊர் நோயாளிகளின் பங்கு பெரிது. உங்கள் ஓ.பி. வரிசையில் நிற்பவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகளாக இருக்கலாம்.

கைடுகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் சந்தியுங்கள். சந்திப்புக்கு முன் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன செய்தேன், எங்கே நின்றுவிட்டேன், உங்களிடம் என்ன முடிவு வேண்டும். "சார் ஃப்ரீயா இருக்கும்போது பார்க்கலாம்" என்று விட்டால் ஒரு வருடம் போய்விடும். எனக்குப் போனது.

படி 5: நேரம்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். 24 மணி நேர டூட்டி முடித்துவிட்டு, மறுநாள் ஓ.பி.யும் பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு யாரும் நல்ல ஆய்வு செய்ய முடியாது. ஆசையோ உழைப்போ குறைந்ததால் அவர்கள் நிற்கவில்லை.

அமெரிக்காவில் குழந்தைக் குடல்நோய்ச் சிறப்புப் பயிற்சி மூன்று வருடம். அதற்குள் ஆய்வுப்பணியும் கட்டாயம். அதன்பின் தேசிய சுகாதார நிறுவனத்தின் கே 23 என்ற வளர்ச்சி நிதி கிடைத்தால், அந்த மருத்துவரின் வேலை நேரத்தில் குறைந்தது 75 சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்குவதாக அவருடைய நிறுவனம் எழுதிக்கொடுத்தாக வேண்டும். பணத்தைவிட அந்த நேரம்தான் அங்கே ஆய்வு மருத்துவர்களை உருவாக்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

நம் அரசு மருத்துவமனை வார்டில் 75 சதவீதம் கேட்க முடியாது. வாரத்தில் ஓர் அரைநாள் கேட்கலாம். துறையில் ஆறு பி.ஜி.க்கள் இருந்தால் ஆளுக்கொரு மதியத்தை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளும்படி டூட்டி பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்ன அரைநாள் முதல் டெங்கு சீசனில் காணாமல் போகும்; பட்டியலில் எழுதியது நிற்கும். துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம் போகும்போது ஆறு பேரும் சேர்ந்தே போங்கள்.

படி 6: எத்திக்ஸ் கமிட்டியும் தெருவும்

நெறிமுறைக் குழுவின் அனுமதி வருமுன் ஒரு கேஸ் ஷீட்டைக்கூட ஆய்வுக்காகத் தொடாதீர்கள். சிகிச்சை முறைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால், முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2009-இலிருந்து இது கட்டாயம். குழந்தைகளிடம் ஆய்வு செய்யும்போது பெற்றோர் ஒப்புதலோடு குழந்தையின் இசைவும் வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில்.

படிவங்கள் இத்தனையும் கையில் இருந்தாலும், ஒப்புதல் உண்மையில் தெருவில்தான் நடக்கிறது. நாம் எழுதும் ஒப்புதல் படிவத் தமிழை நானே ஒரு மூச்சில் படிக்க முடியாது. "மேற்கண்ட ஆய்வில் எனது குழந்தையின் பங்கேற்பு தன்னார்வமானது" என்பதைத் தண்டையார்பேட்டையில் ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டிப் பாருங்கள். "இதுல சேரணும்னு கட்டாயம் இல்லம்மா. வேணாம்னு சொன்னாலும் கொழந்தைக்கு அதே வைத்தியம்தான்" என்று எழுதுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம் மிக முக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள்; தயக்கத்தில் வாங்கிய கையெழுத்து ஒப்புதலாகாது. தெலுங்கு, உருது, இந்தி பேசும் குடும்பங்களும் உங்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த மொழிகளிலும் படிவம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேலை தேடி வந்த குடும்பங்களின் குழந்தைகள் உங்கள் ஆய்விலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள்.

வீட்டுக்குப் போய்த் தகவல் எடுப்பதாக இருந்தால் அந்த வீட்டின் நேரத்துக்குப் போங்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவை விடியற்காலையில் தேடினால் கிடைக்க மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தக் குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் மாறும். அந்த இரண்டு மாதத்தில் மட்டும் எடுத்த ஊட்டச்சத்துத் தகவலை வருடம் முழுவதற்குமானதாக எழுதினால் தவறாகிவிடும். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள்.

தெருவோடு இருந்து செய்த ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு வேலூரைப் பாருங்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போனார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் மூன்று முறை தொற்றி மீண்ட குழந்தைக்கும் மிதமான அல்லது கடும் வயிற்றுப்போக்கிலிருந்து கிடைத்த காப்பு 79 சதவீதம்தான் என்று 2011-இல் எழுதினார்கள். மெக்சிகோவில் செய்த முந்தைய ஆய்வு காட்டிய அளவு காப்பு நம் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்கும் விதத்தையே அந்த எண் மாற்றியது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த 116இ என்ற வைரஸ் வகையிலிருந்து ரோட்டாவேக் என்ற தடுப்பு மருந்து உருவானது. அதைச் சோதித்த ஊர்களில் வேலூரும் ஒன்று. இன்று ஒன்றரை மாத ஊசியன்று குழந்தையின் வாயில் விடுகிறோமே ரோட்டா சொட்டு மருந்து, அதற்குப் பின்னால் அந்தத் தெருக்களும் இருக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, வடசென்னைக் குழந்தைகளை அதற்கு முன்பிருந்தே வாரவாரம் பின்தொடர்ந்த பதிவேடு ஒன்று இருந்திருந்தால் எத்தனை கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்த புயலுக்கு முன் அதைத் தொடங்க ஒருவர் வேண்டும்.

படி 7: ப்ரொஃபார்மாவும் மாஸ்டர் சார்ட்டும்

ப்ரொஃபார்மா, அதாவது தகவல் எடுக்கும் கேள்விப் படிவம், இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்கும் ஒவ்வொரு கேள்வியும் தாயின் நேரத்தைத் தின்னும். முதலில் பத்துப் பேரிடம் ஒத்திகை பாருங்கள். "ஒரு நாளைக்கு எத்தனை முறை மலம் கழிக்கிறது?" என்ற கேள்விக்கு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் அம்மா "பால் குடிச்சதும் போவுது" என்பார். இந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது ஒத்திகையில்தான் தெரியவரும்.

கணக்கிட உதவும் ஆர் என்ற மென்பொருள் இலவசம். எல்லாருடைய தகவலையும் சேர்க்கும் மாஸ்டர் சார்ட்டை எக்ஸெல்லில் போட்டாலும், ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் சொல்லும் பக்கத்தை முதலில் எழுதுங்கள். விடுபட்டதை வெற்றிடமாக விடாதீர்கள்; "கேட்கவில்லை", "தெரியாது என்றார்" இரண்டையும் பிரித்துக் குறியுங்கள். குழந்தையின் பெயரைத் தகவல் தாளில் எழுதாமல் எண் மட்டும் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். புள்ளியியலாளரிடம் எல்லாம் எடுத்து முடித்த பிறகு போவது பெரிய தவறு. இரண்டாம் படியிலேயே அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

படி 8: எழுதுதல்

அட்டவணைகளை முதலில் போடுங்கள், பிறகு செய்முறை, பிறகு முடிவுகள், கடைசியில் முன்னுரை. கவனிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வுக்கு கன்சார்ட் என்று சரிபார்ப்புப் பட்டியல்கள் உள்ளன. யார் பெயர் முதலில் என்பதை ஆய்வு தொடங்கும் நாளே பேசி எழுதிவையுங்கள். வேலை செய்யாத மூத்தவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. மரியாதையை நன்றியுரையில் காட்டலாம். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சிடுவோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் போகாதீர்கள்.

கட்டுரையை இதழ் மறுத்துவிட்டால் மனம் உடையாதீர்கள். 1971-இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்தபோது, 30 சதவீதம் அளவில் இருந்த காலரா மரணம் அவருடைய பராமரிப்பில் 3.6 சதவீதமாக இறங்கியது. அதைச் சொன்ன அவருடைய கட்டுரையையும் முதலில் நம்ப மறுத்தார்கள், 1973-இல்தான் அச்சானது. தரையெல்லாம் நோயாளிகள் படுத்திருந்த அந்த முகாமிலும் அவர் எண்ணிக்கையை எழுதிவைத்திருந்தார்.

படி 9: எம்.டி.க்குப் பிறகு

குழந்தைக் குடல்நோயில் டி.எம். என்ற சிறப்புப் பட்டப்படிப்பு மூன்று வருடம். லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை நிறுவனமும் சண்டிகர் பி.ஜி.ஐ.யும் இத்துறையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. நேர்முகத்துக்கு முன், அந்தத் துறையினர் கடந்த ஐந்து வருடத்தில் என்ன எழுதினார்கள் என்று படியுங்கள். ஸ்கோப் எண்ணிக்கையை மட்டும் விசாரித்துக்கொண்டு போகாதீர்கள். எண்டோஸ்கோப்பி கைக்கு வந்ததும் அதில் ஒரு சுகம் இருக்கிறது, நாள் முழுக்க அதிலேயே கரைந்துவிடும்.

டி.எம். இல்லாமலும் ஆய்வுக்கு வழி உண்டு. பொதுச் சுகாதார முதுகலை படிக்கலாம், பிஎச்.டி. செய்யலாம். ஆய்வுக்கு நிதி தரும், 2008-இல் தொடங்கிய டி.பி.டி. வெல்கம் இந்தியா அலையன்ஸில் மருத்துவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். நிதியும் உண்டு. எம்.பி.பி.எஸ். படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஐ.சி.எம்.ஆரின் இரண்டு மாத மாணவர் ஆய்வுத் திட்டத்தைச் சொல்லுங்கள். இந்தியக் குழந்தைக் குடல்நோய், கல்லீரல், ஊட்டச்சத்துச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய், போஸ்டர் பக்கத்தில் நின்று பேசுங்கள். பல மையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுகள் அங்கேதான் முளைக்கின்றன. பிலியரி அட்ரீசியா போன்ற அரிய நோய்க்கு அதைத் தவிர வழி கிடையாது.

படி 10: துறைத் தலைவர்களுக்கு

உங்கள் துறையில் எல்லா பி.ஜி.க்களும் ஆய்வாளர்களாக வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவருக்கு அந்த அரைநாளைக் கொடுங்கள். அவர் கேள்வியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தலைப்பைக் கையில் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை கட்டுரை வாசிப்பில், பிழையைச் சுட்டிக்காட்டும் பி.ஜி.யை உட்காரச் சொல்லாதீர்கள்.

மூன்று வருடம் கழித்து அவர் போய்விடுவார். தகவல், படிவங்கள், அனுமதிக் கடிதங்கள் எல்லாம் அவருடைய பென்டிரைவில் போய்விடக் கூடாது. கடைசி மூன்று மாதத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்கு இருவரும் சேர்ந்து போகட்டும்; ஊசி போடும் செவிலியரிடம், "இனிமே இவங்கதான் வருவாங்க சிஸ்டர்" என்று பழையவர் சொல்லிவிட்டு வரட்டும். ஒன்றரை மாத ஊசியன்று மஞ்சள் நிறத்தோடு ஒரு குழந்தை வந்தால், 14 நாள் தாண்டிய மஞ்சளுக்கு டைரக்ட் பிலிருபின் (பித்த அடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்பதும், யாருடைய போனுக்குக் கூப்பிட வேண்டும் என்பதும் அந்தச் செவிலியரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி இருக்கட்டும்.